ஸ்ரீரங்கம் பெருமாளின் கண்ணும் கிரெம்ளின் வைரமும்

கேள்வி: ரஷ்யாவில் ராணி கேத்தரினின் செங்கோலில் இருக்கும் ஆர்லோவ் வைரம் ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் கண்ணாக இருந்தது, அதைத் திருடியவனும் வாங்கியவனும் வைத்திருந்தவர்களும் நாசமாய்ப் போனார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது உண்மையா?

நவம்பர் 21, இரவு

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கீழ அடையவளஞ்சான் தெருவில்தான் வீடு. எங்கள் பாட்டி நாற்பது வருடம் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாத கோயில் கதை கிடையாது. ஆனால் இந்தக் கண் கதையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எட்டாம் வகுப்பில் வரலாறு டீச்சர் சொல்லித்தான் முதலில் தெரியும்.

டீச்சர் சொன்ன கதை இதுதான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் தென்னிந்தியாவில் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்கள் நடந்த காலம். பிரெஞ்சுப் படையிலிருந்து ஒரு சிப்பாய் ஓடிவிடுகிறான். பெருமாளின் கண்கள் வைரம் என்று கேள்விப்பட்டு, இந்துவாக மாறிவிட்டதாக நடித்து, வருடக்கணக்கில் பக்தன் போலக் கோயிலிலேயே கிடந்து நம்பிக்கையைச் சம்பாதிக்கிறான். ஒரு மழை இரவில் உள்ளே போய் ஒரு கண்ணைப் பெயர்த்துவிடுகிறான். இன்னொரு கண் அவனை முறைத்துப் பார்த்ததாம். பயந்து அதை விட்டுவிட்டு மதில் ஏறிக் குதித்து, ஆற்றைக் கடந்து ஓடிவிட்டான். மதராஸில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவனுக்கு 2,000 பவுண்டுக்கு விற்றான். கல் லண்டன் வழியாக ஆம்ஸ்டர்டாம் போனது. அங்கே கவுன்ட் கிரிகோரி ஆர்லோவ் அதை வாங்கி, தன்னைக் கைவிட்ட ராணி கேத்தரினுக்குப் பரிசாகக் கொடுத்தார். கேத்தரின் கல்லை எடுத்துக்கொண்டாள், ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னேன். பூ கட்டிக்கொண்டே, "பெருமாள் கண்ணை எடுத்துண்டு ஒருத்தன் போனானாம், அது எனக்குத் தெரியாமப் போச்சாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. பல வருடம் நான் டீச்சர் பக்கம்தான் இருந்தேன். 300 காரட் கல், நம் ஊர்க் கல், அங்கே போய் உட்கார்ந்திருக்கிறதே என்ற ஆற்றாமை இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 22

300 காரட் இல்லை. நினைவிலிருந்து எழுதியதில் தப்பு. 189.62 காரட். கிட்டத்தட்ட 38 கிராம். மாஸ்கோ கிரெம்ளினின் வைரக் கருவூலத்தில், செங்கோலின் உச்சியில், இரட்டைத் தலைக் கழுகுக்குக் கீழே இருக்கிறது.

நவம்பர் 25

கீழே ஒருவர் "பிரெஞ்சுக்காரர்கள் ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்தார்களா, சும்மா கதைதானே" என்று கேட்டிருக்கிறார். வந்தார்கள். அதில் சந்தேகமே இல்லை.

1751இல் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பும் அவரை ஆதரித்த பிரெஞ்சுக்காரர்களும் திருச்சி மலைக்கோட்டையை முற்றுகையிட்டார்கள். கோட்டைக்குள் அவருடைய போட்டியாளர், ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி. 1752இல் நிலைமை தலைகீழாகி, ஜாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதி தன் படையோடு காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். கோயில்தான் அவர்களுக்குக் கோட்டை. இரண்டு பக்கமும் ஆறு, ஏழு சுற்று மதில், இதைவிட என்ன வேண்டும்? அந்த ஜூன் மாதம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்கள். சந்தா சாகிப்பின் தலை போனது. 1753க்குப் பிறகும் பிரெஞ்சுப் படை திரும்பி வந்து சில வருடம் தங்கியது.

ஆக, பிரெஞ்சு சிப்பாய் ஸ்ரீரங்கத்தில் இருந்தது உண்மை. அவர்களில் சிலர் படையை விட்டு ஓடியிருப்பார்கள் என்பதும் நம்பக்கூடியதே. கதை எங்கே இடறுகிறது என்றால் அந்த மதில்களில்.

அந்தப் போர்களைப் பற்றி எழுதிய ராபர்ட் ஓர்ம் அதே காலத்தில் சில வருடம் மதராஸில் இருந்தவர். சரணடைந்த நாளைப் பற்றி அவர் ஒன்று சொல்கிறார். கோயிலுக்குள் ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் இருந்தார்கள். மூன்றாவது மதிலுக்கு உள்ளே ஒரு அந்நியன் காலை வைத்தாலும், ஜெயித்தவர்களை வெட்டிப்போட்டுவிட்டுச் சாவோம் என்று நின்றுவிட்டார்கள். ஆங்கிலேயர் அவர்களுடைய உறுதியை மெச்சி, உள்ளே வரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். தோற்றுப்போய் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய நேரத்தில்கூட அப்படி நின்றவர்கள் இருந்த கோயிலில், ஒரு வெள்ளைக்காரன் வேஷம் போட்டு கர்ப்பக்கிருகம் வரை போனான், அதுவும் தனியாக ராத்தங்கினான் என்றால் எப்படி நம்புவது?

ஸ்ரீரங்கம் கர்ப்பக்கிருகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆர்யபடாள் வாசல் தாண்டி, துவஜஸ்தம்பம் தாண்டி, கர்ப்பக்கிருக வாசற்படியான குலசேகரன் படிக்கு முன்னால் நிற்கும்போது எத்தனை கண்கள் நம் மேல் இருக்கும் என்று. இரவில் நடை சாத்தும் முறையும் அப்படித்தான். அந்நியனை விடுங்கள், உள்ளூர்க்காரன் ஒருவன் அங்கே ஒளிந்துகொள்ள முடியுமா?

நவம்பர் 25, இரவு

இன்னொன்று. இந்தக் கதையைச் சொல்பவர்களில் சிலர் திருட்டு நடந்த வருடம் 1747 என்கிறார்கள். 1747இல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை இல்லை. அந்த வருடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 30

1747 எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது ஓர் ஊகம் இருக்கிறது. அதற்கு முன்னால் தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜான் பாப்டிஸ்ட் தவெர்னியே கிழக்கு நாடுகளுக்கு ஆறு முறை பயணம் செய்தவர். 1665 நவம்பரில் ஔரங்கசீப்பின் அரண்மனையில் நகைகளைக் கையில் எடுத்துப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அங்கே அவர் பார்த்த பெரிய வைரத்தை "நடுவில் வெட்டிய முட்டை" போல இருந்தது என்று எழுதினார். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்த கல் அது. கோல்கொண்டாவில் அமைச்சராக இருந்த மீர் ஜும்லா அதை ஷாஜஹானுக்குக் கொடுத்தார். ஹொர்தென்சியோ போர்ஜியா என்ற வெனிஸ்காரர் அதைப் பட்டை தீட்டினார். பிளந்து பிளந்து அழகாக எடுத்திருக்க வேண்டியதை, அப்படியே தேய்த்துத் தேய்த்துப் பாதிக்கு மேல் தூளாக்கிவிட்டார். கூலி கிடைக்கவில்லை, 10,000 ரூபாய் அபராதம்தான் கிடைத்தது. அந்தக் கல்லுக்குப் பின்னால் வந்த பெயர் "கிரேட் மொகல்".

1739இல் நாதிர் ஷா டெல்லியைக் கொள்ளையடித்தபோது மொகலாயக் கருவூலம் பாரசீகத்துக்குப் போனது. நாதிர் ஷா தன் ஆட்களாலேயே கொல்லப்பட்ட வருடம் 1747! அவர் கூடாரம் சூறையாடப்பட்டு, கற்கள் சிதறி, அர்மீனிய வியாபாரிகள் கைக்கு வந்தன. ஆர்லோவ் வைரத்தை ஆம்ஸ்டர்டாமில் விற்றவரும் அர்மீனிய வியாபாரிதான். பாரசீகத்தில் நடந்த கதையின் வருடம் ஸ்ரீரங்கத்துக் கதையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் வேறு விதமாக அந்த வருடம் பொருந்தவில்லை.

ஆர்லோவ் வைரமும் பாதி முட்டை வடிவம்தான். மேலே குவிந்து, அடியில் தட்டை. சுமார் 180 பட்டைகள், லேசான நீலப்பச்சைச் சாயல். ரஷ்யக் கனிமவியலாளர் அலெக்சாண்டர் ஃபெர்ஸ்மன் அந்தக் கல்லை நேரில் ஆராய்ந்தவர். இதுதான் கிரேட் மொகல் என்பது அவர் முடிவு.

"தவெர்னியே 280 காரட் என்கிறார், இது 190 தானே?" என்று ஒரு தடை எழும். நானும் அதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆனால் தவெர்னியே முதலில் தரும் எடை காரட்டில் இல்லை, ரத்தியில். 319½ ரத்தி. ரத்தி என்பது நம் குன்றிமணிதான். முத்து எடைபோடும் பெரிய ரத்தி என்று வைத்துக்கொண்டு அவர் காரட்டாக மாற்றினார். சாதாரணக் குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம். 319½ஐ அதால் பெருக்கிப் பாருங்கள். 38 கிராமுக்கு மேல் கொஞ்சம் வருகிறது. கிரெம்ளின் கல் 37.92 கிராம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியென்றால் அந்தக் கல் ஆக்ராவிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து பாரசீகம், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம். காவிரிப் பக்கம் அது வரவே இல்லை. பாட்டி சொன்னது சரி.

டிசம்பர் 1

ஒருவர் "உங்களுக்கு ஊர்ப்பற்று இல்லை" என்று எழுதியிருக்கிறார். எங்கள் கோயிலில் காணாமல் போகாத பொருளைக் காணாமல் போனதாகச் சொல்வது ஊர்ப்பற்று ஆகாது என்பது என் எண்ணம். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கும் அதே வருத்தம்தான்.

டிசம்பர் 3

சாபம் பற்றித்தான் கேள்வியே. அதற்கு இன்னும் வரவில்லை.

ஆர்லோவின் வாழ்க்கையைப் பார்த்தால் சாபம் என்று சொல்லத் தோன்றும். கேத்தரினைப் பதவியில் ஏற்றிய ஆள் அவர். பிறகு ஒதுக்கப்பட்டார். 1777இல் தன் உறவுப் பெண்ணை மணந்தார், அவள் இளம் வயதிலேயே 1781இல் நோயில் இறந்தாள். அவருக்குப் புத்தி பேதலித்து 1783இல் போய்ச் சேர்ந்தார். ஆனால் கல்லை வைத்திருந்தது அவர் இல்லையே, கேத்தரின். அவர் 34 வருடம் ஆண்டு 67 வயது வரை வாழ்ந்தார். அவருக்குப் பின்னால் செங்கோலைப் பிடித்தவர்களில் பால் கொல்லப்பட்டார், இரண்டாம் அலெக்சாண்டர் குண்டு வீச்சில் இறந்தார், இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தோடு சுடப்பட்டார். மற்ற மூன்று பேர் நோயில் இறந்தார்கள். ரஷ்ய ராஜாக்களைக் கொல்ல வைரம் வேண்டுமா என்ன? பண்ணை அடிமைகளாக வாழ்ந்த கோடிக்கணக்கான குடியானவர்களின் வயிற்றெரிச்சல் போதாதா?

நெப்போலியன் கதையும் உண்டு. 1812இல் அவர் மாஸ்கோவுக்குள் வருவதற்கு முன்னால் வைரத்தை கிரெம்ளினில் ஒரு பாதிரியாரின் கல்லறைக்குள் ஒளித்துவிட்டார்களாம். நெப்போலியன் கண்டுபிடித்து எடுக்கப் போக, பாதிரியாரின் ஆவி எழுந்து சாபம் விட, வெறுங்கையோடு போய்விட்டாராம். கவனியுங்கள், இங்கே சபிக்கிறவர் ரங்கநாதர் இல்லை, ரஷ்யப் பாதிரியார். கல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ச் சாபம் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது மற்றக் கற்களைப் பாருங்கள். வாஷிங்டனில் இருக்கும் ஹோப் வைரம், நீலம், 45.52 காரட். அதுவும் "சிலையின் கண்", சீதையின் சிலையில் இருந்ததாம். அதை வாங்கிப்போனவரும் நம் தவெர்னியேதான். சிலையிலிருந்து பெயர்த்தார், அதனால் நாய்கள் கடித்துக் குதறிச் செத்தார் என்பது கதை. உண்மையில் பதினான்காம் லூயிக்கு அதை நல்ல விலைக்கு விற்று, பிரபு பட்டம் வாங்கி, எண்பது தாண்டி வாழ்ந்து ரஷ்யாவில் இறந்தார். அந்தக் கல்லின் சாபம் 1908, 1909 வாக்கில் செய்தித்தாள்களில் சூடு பிடித்தது. அதற்கு அடுத்த வருடங்களில் பியர் கார்த்தியே அந்தக் கதைகளையெல்லாம் சொல்லித்தான் எவலின் மெக்லீன் என்ற பணக்காரப் பெண்மணியிடம் கல்லை விற்றார். அவர் துரதிர்ஷ்டமான பொருள்கள் தனக்கு அதிர்ஷ்டம் தரும் என்று நம்பியவர். சாபம் என்பது அங்கே வியாபாரத்தில் சேர்த்துக் கொடுத்த கொசுறு. அந்த அம்மாளின் ஒன்பது வயதுப் பையன் 1919இல் கார் மோதி இறந்தான். அதற்கு அப்புறம் அந்தக் கதையை யாரும் விடவில்லை. ஒரு தாயின் துக்கத்தை ஒரு கல்லின் விளம்பரமாக்கிவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

டிசம்பர் 4

நேற்று எழுத விட்டுப்போனது. "கருப்பு ஆர்லோவ்" என்று இன்னொரு வைரம் இருக்கிறது. 67.50 காரட். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் பிரம்மாவின் கண்ணாக இருந்தது, முதலில் 195 காரட், ஒரு துறவி திருடினார், மூன்று பேர் மாடியிலிருந்து குதித்துச் செத்தார்கள் என்று சொல்கிறார்கள். இதில் எதற்கும் ஆதாரம் கிடையாது. நம் பக்கத்தில் பிரம்மாவுக்கு மூலவராகத் தனிக்கோயில் எத்தனை இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணலாம்.

ஆனால் ஒரு விஷயம். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஸ்ரீரங்கம் கோயிலையே "பிரம்மாவின் கோயில்" என்று தப்பாக எழுதியிருக்கிறார்கள். வெள்ளை ஆர்லோவின் எடையும் அந்தக் காலத்தில் 194¾ காரட் என்றுதான் அச்சிடப்பட்டது. அதே பெயர், அதே பிரம்மா, அதே கண், கிட்டத்தட்ட அதே எடை. கருப்புக் கல்லுக்கு ஒரு பூர்வீகம் தேவைப்பட்டபோது வெள்ளைக் கல்லின் பூர்வீகத்தையே எடுத்து மாட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

டிசம்பர் 8

அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா முப்பது வருடம் கல் வேலை செய்தவர். திருச்சிப் பக்கம் செயற்கை வைரம் பட்டை தீட்டும் தொழில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. மூக்குத்தி, தோடு, மாலைக்கு வைக்கும் வெள்ளைக் கல் எல்லாம் இங்கிருந்துதான் போகும். வீட்டு முன்கட்டில் சாணை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன்.

ஆர்லோவ் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எடை போகக்கூடாதுன்னு பயந்து பயந்து தேய்ச்சிருக்கான். வெளிச்சத்துக்காகத் தேய்க்கலை" என்றார். போர்ஜியா கதையை நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அடுத்து அளவு கேட்டார். நீளம் 35 மில்லிமீட்டர், அகலம் 32க்குக் கொஞ்சம் குறைவு, உயரம் 22. துணி சோப்பு ஒன்றை எடுத்து, கத்தியால் சீவி, அந்த அளவுக்கே ஒரு பாதி முட்டை செய்துவிட்டார். கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய எலுமிச்சையில் பாதி. "பெருமாள் கண் இப்படியா இருக்கு? அவர் கண் நீளம்டி" என்றார்.

நான் படித்த எதிலும் இதை யாரும் சொல்லவில்லை. பெரிய பெருமாளின், அதாவது மூலவரின் கண்களைத் திருப்பாணாழ்வார் பாடியிருக்கிறார். கரியவை, புடை பரந்தவை, செவ்வரி ஓடியவை, நீண்டவை. கண் முன்னால் நின்று பார்த்துப் பாடியவர். கருமை, சிவப்பு வரி, நீளம். வெளுத்த உருண்டைக் கல் இதில் எங்கே உட்காரும்?

அதோடு மூலவர் கல் விக்கிரகம் இல்லை, சுண்ணாம்புக் கலவையால் ஆன சுதை. அதனால்தான் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். சுதைத் திருமேனியில் 38 கிராம் கல்லைக் குடைந்து பதிப்பார்களா?

டிசம்பர் 15

மூன்று பேர் ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்கள்: "கோயில்காரர்கள் அவமானத்துக்குப் பயந்து மறைத்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. ஒரு வாரம் யோசித்தேன்.

ஸ்ரீரங்கம் இழப்பை மறைக்கும் ஊர் இல்லை. 1323இல் டெல்லிப் படை வந்ததை இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர், உற்சவ மூர்த்தியான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனது, வழியில் ஜ்யோதிஷ்குடியில் உயிர் விட்டது. வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவில் படுத்து உயிரையும் ஓலைச்சுவடியையும் காப்பாற்றியது. வெள்ளையம்மாள் என்ற தாசி, படைத் தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் மேல் அழைத்துப்போய்க் கீழே தள்ளி, தானும் குதித்தது. அந்தக் கோபுரத்துக்கு இன்றும் வெள்ளை கோபுரம் என்று பெயர். 1371இல் விஜயநகரத் தளபதி கோபணாரியர் நம்பெருமாளைத் திரும்பக் கொண்டுவந்ததற்குக் கல்வெட்டே இருக்கிறது. 48 வருடம் பெருமாள் ஊரில் இல்லை என்பதை மறைக்காதவர்கள், ஒரு கண் போனதை மறைப்பார்களா?

கண் போவது சின்ன விஷயமும் இல்லை. விக்கிரகத்துக்கு உயிர் வருவதே கண் திறக்கும்போதுதான். பொன் ஊசியால் திறப்பார்கள், அதற்கென்று மந்திரமும் நேரமும் உண்டு. கண் பழுதானால் திரும்பவும் புனிதப்படுத்தும் சடங்கான சம்ப்ரோக்ஷணம் செய்ய வேண்டும். ஊரே கூடிச் செய்ய வேண்டிய காரியம் அது. அது பாட்டிக்கு வந்து சேராமல் போகாது.

டிசம்பர் 16

நேற்று எழுதியதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

கண்மலர் என்று ஒன்று உண்டு. சமயபுரம் போனவர்களுக்குத் தெரியும், வெள்ளித் தகட்டில் கண் வடிவம். கண் வலி தீர வேண்டிக்கொண்டு செலுத்துவார்கள். பெரிய கோயில்களில் பொன்னிலும் கல் இழைத்தும் சாத்துவார்கள். அப்படிச் சாத்திய ஒரு நகையோ, நெற்றித் திருநாமத்தில் வைத்த ஒரு கல்லோ, அந்தப் போர்க்குழப்பத்தில் யார் கையாலாவது வெளியே போயிருக்கலாம். பெருமாளுக்கு நகை குறைவா? பாண்டியன் கொண்டை, ரத்தினம் இழைத்த ரத்னாங்கி, முத்து இழைத்த முத்தங்கி என்று சொல்லிக்கொண்டே போகலாம். மதராஸில் அதை வாங்கவும் ஆள் இருந்தார்கள். பவளக்காரத் தெருவில் யூத வியாபாரிகள் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து வைரத்தை வாங்கிப்போன காலம். ஆக "ஸ்ரீரங்கத்தில் எதுவுமே திருடு போகவில்லை" என்று நான் சொல்லவில்லை. கிரெம்ளினில் இருப்பது பெருமாளின் கண் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

டிசம்பர் 20

இதை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

தவெர்னியேவின் பயணக் குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். இந்த முறை ராஜாக்கள் வரும் பக்கங்களை விட்டுவிட்டுச் சுரங்கம் வரும் பக்கங்களை. கொல்லூரில் ஆண், பெண், குழந்தை என்று அறுபதாயிரம் பேர் வேலை செய்ததாக எழுதுகிறார். ஆண்கள் தோண்ட, பெண்களும் குழந்தைகளும் மண்ணைச் சுமந்தார்கள். ரவுல்கொண்டா என்று அவர் எழுதும் இன்னொரு சுரங்கத்தில், தொழில் நன்றாகத் தெரிந்தவனுக்கே வருடத்துக்கு மூன்று வராகன் என்ற பொற்காசுதான் கூலி. அதனால் வாய்ப்புக் கிடைத்தால் கல்லை ஒளிப்பார்கள். உடம்பில் துணி இல்லாததால் விழுங்குவார்கள். ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு, பதினைந்து காவல்காரர்கள்.

அங்கே ஒரு வியாபாரி தவெர்னியேவிடம் ஓர் ஏழைத் தொழிலாளியைக் காட்டுகிறார். அந்த ஆள் ஒரு கல்லைத் திருடியவன். எங்கே ஒளித்தான் தெரியுமா? தன் கண்ணின் ஓரத்தில். இமைக்குள் சொருகிக்கொண்டு வேலை செய்திருக்கிறான். கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள்.

சிலையின் கண்ணில் வைரம் இருந்தது என்று எத்தனை கதை! மனுஷன் கண்ணில் வைரம் இருந்ததை நேரில் போய்க் கேட்டு எழுதிய சாட்சி இருக்கிறது, அதை யாரும் வீடியோ போடுவதில்லை.

அந்தக் கல்லின் எடையை அவர் "மங்கலின்" என்ற அளவில் சொல்கிறார். அது நம் மஞ்சாடிதான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. அப்பாவின் பழைய தராசுப் பெட்டியில் சிவப்பாக நாலைந்து மஞ்சாடி விதை இன்னும் கிடக்கிறது.

கண்ணுக்குள் ஒரு துகள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாணையிலிருந்து தெறித்த தூள் அப்பாவின் வலது கண்ணில் பட்டது நான் கல்லூரி முதல் வருடம் படிக்கும்போது. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்லி அந்தப் பட்டறையில் யாரும் சொன்னதில்லை, கொடுத்ததும் இல்லை. தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று ஒருத்தர், விளக்கெண்ணெய் என்று ஒருத்தர். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாலு நாள் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. பட்டறையில் அவருக்குக் கொடுத்தது ஒரு மாதக் கூலி.

வைரத்தின் சாபம் என்று ஒன்று உண்டா என்று கேட்டீர்கள். ராஜாக்களின் பட்டியலில் தேடி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தப் பக்கங்களில் கிடைக்கிறது. கொல்லூரில் இறந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. அந்தச் சுரங்கமே இன்று புலிச்சிந்தலா அணையின் தண்ணீருக்குள் கிடக்கிறது.

டிசம்பர் 21

"மூன்று வராகன் அந்தக் காலத்தில் நல்ல பணம்" என்று எழுதியவருக்கு: அது மாதச் சம்பளம் இல்லை, வருடத்துக்கு. நேற்று எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

டிசம்பர் 28

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் விழாவான பகல்பத்து நடக்கிறது. அப்பாவை அழைத்துக்கொண்டு விடியற்காலை கோயிலுக்குப் போனோம். மூலவருக்கு முத்தங்கி. வரிசையில் மூன்றரை மணி நேரம் நின்றோம். உள்ளே நமக்குக் கிடைப்பது பத்து விநாடி.

இத்தனை வருடம் போயும் நான் ஒரு முறைகூடக் கண்ணை மட்டும் பார்த்ததில்லை. திருவடியிலிருந்து தொடங்கி மேலே போவதற்குள் நகரச் சொல்லிவிடுவார்கள். இந்த முறை நேராக முகத்தைப் பார்த்தேன். நெய் விளக்கின் வெளிச்சம் அசைந்துகொண்டே இருந்தது. கருமை, அதற்குள் ஒரு மினுக்கம், நீளம். அவ்வளவுதான் பிடிபட்டது. அப்பா தன் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் தள்ளவில்லை.

வெளியே வந்து, கம்பத்தடி ஆஞ்சநேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "அந்த ரஷ்யாக் கல்லு நம்மது இல்லன்னா வருத்தமா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. பாட்டி இருந்திருந்தால் அவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஜனவரி 4

டிசம்பர் 3 குறிப்பில் ஒரு திருத்தம். தவெர்னியே நீலக் கல்லை விற்றது ஒற்றைக் கல்லாக இல்லை. சுமார் ஆயிரம் வைரங்களோடு சேர்த்து விற்றார்.

அப்பா அந்த சோப்பை ஜன்னலில் வைத்திருக்கிறார், யாரையும் எடுக்க விடவில்லை. நேற்று சாப்பிடும்போது திடீரென்று, "கண்ணுல ஒளிச்சானே, அவன் எத்தனை வருஷம் வேலை பார்த்தவன்?" என்று கேட்டார். பல வருடம் இருக்கும் என்று சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். "அப்ப எனக்கு சீனியர்" என்றார்.